ஹவில்தாரின் எட்டுத் தறிகள்

ஹவில்தார் துளசிங்கம் லீவில் வருகிறான் என்றால் பதினைந்து நாளைக்கு முன்பே வீட்டுக்குக் கடிதம் வந்துவிடும். எந்த ரயில், அரக்கோணத்தில் எத்தனை மணிக்கு வண்டி மாறுவான், வந்த அன்று என்ன குழம்பு வைக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். இந்தத் தடவை கடிதம் போடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால்தான் உள்ளது உள்ளபடி தெரியும் என்று நினைத்தான். பதினெட்டு வருஷ சர்வீஸில் பாதிக்கு மேல் வடக்கே ஒரு ராணுவத் தளவாட டெப்போவின் வாசலில் நின்று, வேலை முடிந்து போகிறவர்களின் சட்டைப் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்தே கழித்தவன் அவன். சந்தேகம் அவனுக்கு உத்தியோகம். லீவில் போகும்போது உத்தியோகத்தை அங்கேயே விட்டுவிட்டு வர எல்லோருக்கும் முடிகிறதில்லை.

அவனுடைய டிரங்குப் பெட்டியில், மடித்த யூனிஃபார்முக்கு அடியில், ஒரு கடிதம் இருந்தது. காஞ்சிபுரம் வருமான வரி ஆபீஸிலிருந்து அவன் யூனிட்டுக்கு வந்த கடிதம். திருத்தணியில் துளசிங்கத்தின் பெயரில் எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன, மூன்று வருஷமாக அந்த வருமானத்துக்கு அவர் கணக்கே காட்டவில்லை, வீட்டு முகவரிக்கு அனுப்பிய இரண்டு ரிஜிஸ்டர் தபாலும் திரும்பி வந்துவிட்டன, ஆகையால் யூனிட் மூலமாகக் கேட்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது.

மேஜர் அவனைக் கூப்பிட்டுக் கடிதத்தை மேஜைமேல் போட்டார். பட்டாளத்தில் இருந்துகொண்டு அனுமதி வாங்காமல் தொழில் நடத்துகிறாயா என்று கேட்டார். துளசிங்கம் சத்தியம் செய்தான். தறிக்குழியில் உட்கார முடியாமல்தான் பட்டாளத்துக்கு ஓடிவந்தவன் அவன். எட்டுத் தறிக்குச் சொந்தக்காரன் என்றால் அவனுக்கே சிரிப்பு வந்திருக்கும், மேஜர் முகத்தில் சிரிப்பு இருந்திருந்தால். பன்னிரண்டு நாள் லீவு தருகிறேன், அந்தத் தறி உன்னுடையது இல்லை என்று ஆபீஸிலிருந்து எழுத்தில் வாங்கிவா என்று மேஜர் சொன்னார். நாயப் சுபேதார் பதவிக்கான பட்டியல் மாதக் கடைசியில் மேலே போகிறது. அதில் துளசிங்கத்தின் பெயர் மூன்றாவது. கடிதத்தில் உள்ளது உண்மை என்று ஆகிவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், சர்வீஸ் முடிந்து டிசம்பரில் ஹவில்தாராகவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நாயப் சுபேதார் என்றால் சும்மா இல்லை. ஜவான்கள் சல்யூட் அடித்து ‘சாப்’ என்று கூப்பிடுவார்கள். பென்ஷன் கூடும். அரக்கோணம் ஹாஸ்டலில் படிக்கும் மகளைக் கல்லூரி வரை அனுப்பலாம். பதினெட்டு வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காகவே பனியிலும் வெயிலிலும் நின்றவன் அவன். அதை யாரோ ஒருவர் திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு காகிதத்தில் அவன் பெயரை எழுதிக் கெடுத்திருக்கிறார். யார் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்ற முடிவோடு ரயிலேறினான்.

அது எழுபத்தேழாம் வருஷம், பங்குனி மாதம். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியபோது மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கூட்டம் மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிரே சிங்காரத்தின் டீக்கடை. ஒரு டீ குடித்துவிட்டுக் காசை நீட்டினால் சிங்காரம் வாங்கவில்லை. மொதலாளியிடம் ஒரு டீக்குக் காசு வாங்கினால் நன்றாகவா இருக்கும் என்று பல்லைக் காட்டினான். என்ன மொதலாளி, யார் மொதலாளி என்று கேட்டதற்குச் சிங்காரம் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். இரண்டு மாதத்துக்கு முன்னால் தோல் பை மாட்டிக்கொண்டு ஒரு ஆபீஸர் வந்தாராம். நெசவுக்காரத் தெருவில் துளசிங்கம் என்பவர் யார் என்று கேட்டாராம். தெருவே ஒன்றாகச் சேர்ந்து, அப்படி ஒரு ஆளே இந்த ஊரில் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டதாம்.

"உன்னைக் காப்பாத்திட்டோம்" என்றான் சிங்காரம், பெருமையாக.

பிறந்து வளர்ந்த தெரு அவனை இல்லவே இல்லை என்று சொல்லியிருக்கிறது. துளசிங்கம் காசைக் கல்லாமேல் வைத்துவிட்டு நடந்தான்.

வீட்டு வாசலில் அவனைப் பார்த்ததும் அம்சாவின் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை. அதைக் கவனித்துக்கொண்டான். பயம். அப்புறம்தான் சிரித்தாள், பெட்டியை வாங்கினாள், கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். அவன் கூடத்தில் நின்றபடி சுற்றிலும் பார்த்தான். போன லீவில் இல்லாத ஒரு ஸ்டீல் பீரோ மூலையில் நின்றது. உத்தரத்தில் மின்விசிறி சுற்றியது. பீரோ ஏது என்று கேட்டான். அண்ணன் கொடுத்தது என்றாள். விசிறி? அதுவும் அண்ணன்தான். அவள் அண்ணன் பரந்தாமன் தீபாவளிக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவன்.

பரந்தாமனும் அம்சாவும் கூடப் பிறந்தவர்கள். துளசிங்கத்துக்கு ஒரே தங்கை வரலட்சுமி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம். ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில், அம்சா இந்த வீட்டுக்கு வந்தாள், வரலட்சுமி பரந்தாமன் வீட்டுக்குப் போனாள். இந்த மாதிரிக் கல்யாணத்தில் ஒரு சங்கடம் உண்டு. இங்கே ஒருத்தி அழுதால் அங்கே ஒருத்தி அழுதாக வேண்டும். இந்த வீட்டில் பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தால், சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் தங்கை மூட்டை கட்டுவாள். துளசிங்கம் இதுவரை அம்சாவைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அது அன்பினாலா, தங்கைக்காகவா என்று யாரும் கேட்டதில்லை, அவனும் யோசித்ததில்லை.

மறுநாள் காலையில் கே.ஜி.கண்டிகை ரோட்டில் இருந்த பரந்தாமனின் தறி ஷெட்டுக்குப் போனான். எட்டுத் தறியும் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தன. பச்சைக் கட்டமும் நீலக் கட்டமுமாகக் கைலி இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் சுவரில் போர்டு மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக, நாலு ஆணி ஓட்டையோடு தெரிந்தது. அதில் யார் பெயர் இருந்திருக்கும் என்று அவன் கேட்கவில்லை. பரந்தாமன் ஓடிவந்து நாற்காலி போட்டான், கலர் சோடா வாங்கிவரச் சொன்னான். துளசிங்கம் உட்காராமல் கடிதத்தை எடுத்து நீட்டினான்.

பரந்தாமன் அதை வாங்கிப் பார்த்தான். இங்கிலீஷ் அவனுக்குத் தெரியாது. அசோகச் சக்கர முத்திரை தெரியும். முகம் வெளுத்துப்போய் விஷயத்தைச் சொன்னான். நாலு வருஷத்துக்கு முன்னால் விசைத்தறி பெர்மிட் கொடுத்தார்கள், பட்டாளத்துக்காரர்களுக்கு முதலில் என்றார்கள். மச்சான் பெயரில் போட்டால் பெர்மிட்டும் கிடைக்கும், வரியும் கிடையாது. இரண்டு லாபம் ஒரே கையெழுத்தில்.

"வரி கெடையாதுன்னு உனக்கு யாரு சொன்னது பாவா?"

"நீதான் சொன்ன மச்சான்."

நானா, எப்போது என்றான் துளசிங்கம். பரந்தாமன் நாள் நட்சத்திரத்தோடு சொன்னான். எழுபத்திரண்டாம் வருஷம், சண்டை முடிந்து லீவில் வந்தபோது, முடிவெட்டுகிற கடையில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து அவன் பேசிய பேச்சு. கேன்டீனில் ரம்முக்கு வரி இல்லை, சோப்புக்கு வரி இல்லை, என் சம்பளத்தில் இன்றுவரைக்கும் ஒரு பைசா வரி பிடித்தது கிடையாது, நாட்டுக்கு உயிரையே கொடுக்க வந்தவனிடம் சர்க்கார் எந்த முகத்தோடு வரி கேட்கும். பத்துப் பேரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து நெசவுக்காரத் தெருவில் அது வேதவாக்கு. பிள்ளை பட்டாளத்தில் இருக்கும் இன்னும் இரண்டு வீட்டில் நிலத்தையும் ஒரு பழைய லாரியையும் பிள்ளை பெயருக்கு மாற்றிவிட்டார்கள்.

பேசியது நினைவுக்கு வந்தது. அன்று சண்டையில் பிழைத்து வந்த சந்தோஷம், கொஞ்சம் ரம்மும் உள்ளே இருந்தது. ஆனால் பேச்சு ஒன்று, கையெழுத்து ஒன்று. பேசியதற்காக யாரும் பெர்மிட் கொடுப்பதில்லை. பெர்மிட் காகிதத்தில் என் கையெழுத்தைப் போட்டது யார் என்று கேட்டான்.

பரந்தாமன் உடனே தறிப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு இழை அறுந்திருந்தது போலும். அதை முடிந்துவிட்டுத்தான் பேசினான்.

"அதை வுடு மச்சான். போட்டவங்க உனக்குக் கெடுதல் நெனச்சிப் போடல. வரி எவ்ளோ வந்தாலும் நான் கட்டிடுறேன்."

எத்தனை தரம் கேட்டும் அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. ஒருவன் யாரை இப்படி மூடி மறைப்பான்? கூடப் பிறந்தவளைத்தான். துளசிங்கத்துக்கு அப்போதே ஒன்று பளிச்சென்று புரிந்துவிட்டது. தவறாகப் புரிகிற விஷயங்கள் எப்போதும் அப்படித்தான் பளிச்சென்று புரியும்.

சண்டைக்கு முன்னால், எழுபத்தொன்றாம் வருஷ லீவு முடிந்து கிளம்பும்போது, அவன் அம்சாவிடம் பத்து வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். எல்லைக்குப் போகிறோம் என்று தெரியும். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேங்கு, இன்சூரன்ஸ், வீட்டு வரி என்று எந்தக் காகிதத்துக்கும் இவள் அலையக்கூடாது, தேதியைப் பின்னுக்குப் போட்டு எழுதிக்கொள்ளட்டும் என்று. யூனிட்டில் பல பேர் அப்படிச் செய்தார்கள். சரியா தவறா என்று பார்க்கிற நேரம் இல்லை அது. எட்டாவது வரை படித்தவள், எழுதிக்கொள்வாள் என்று நம்பிக் கொடுத்தான். எழுதித்தான் கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்துத் தாளும் எங்கே என்று கேட்டான். அம்சா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. அதை எரித்துவிட்டேன் என்றாள். எப்போது என்றான்.

"சண்டை முடிஞ்சி உங்க கடுதாசி வந்துச்சே, நல்லா இருக்கேன்னு. அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன். அது வூட்ல கெடந்தா, நீங்க சாவுறதுக்கு நான் காத்துகினு இருக்கிற மாதிரி இருந்துச்சு."

நல்ல பதில்தான். டெப்போ வாசலிலும் டப்பாவுக்கு அடியில் பித்தளைத் துண்டை வைத்திருப்பவன் இப்படித்தான் நெஞ்சைத் தொடுகிற மாதிரி ஏதாவது சொல்வான். பத்தையும் எரித்தாயா, ஒன்பதையா என்று கேட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். களைந்த அரிசியை மறுபடியும் களைந்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அவன் விசாரணையில் இறங்கினான். தபால்காரர் ஆறுமுகத்தைப் பிடித்துக் கேட்டதில், இரண்டு தடவையும் ரிஜிஸ்டர் தபாலை வாங்க மாட்டேன் என்றவள் அம்சாதான் என்று தெரிந்தது. பெயருக்குரியவர் ஊரில் இல்லை என்று சொன்னாள், சட்டப்படி அது சரிதானே என்றார் ஆறுமுகம். சட்டம் சரிதான். ஆனால் புருஷனுக்கு ஒரு வரி எழுதத் தெரியாதா? கேட்டதற்கு, எழுத வேண்டாம் என்று சொன்னார்கள் என்றாள். யார் சொன்னது? எல்லோரும்தான். எல்லோரும் என்றால் யார் யார் என்று பெயர் கேட்டான். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் பூக்கூடையோடு கிளம்பியதும் கொஞ்சம் பின்னால் போனான். மலைப் படிக்குப் போகவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தாள். பக்கத்துச் சந்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தான். நாயப் சுபேதார் ஆகப்போகிறவன் சந்தில் ஒளிந்து நின்று பெண்டாட்டியை வேவு பார்க்கிறோமே என்ற வெட்கம்கூட அவனுக்கு வரவில்லை. உள்ளே வரலட்சுமி அழுதுகொண்டிருந்தாள். அம்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்பதாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். துளசிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல மனசுக்காரி தங்கை. உண்மையை அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்று அழுகிறாள். இவள் சொல்லவிடாமல் தடுக்கிறாள்.

லீவில் நாலு நாள்தான் பாக்கி இருந்தது. தாலுகா ஆபீஸ் எதிரில் மனு எழுதும் வேதாசலத்திடம் போய் உட்கார்ந்தான். வேதாசலம் முழுக் கதையையும் கேட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பெண்டாட்டி பெயரையுமா எழுதச் சொல்கிறாய் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றான். அவர் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தார்: நான் நம்பி ஒப்படைத்த கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களை என் மனைவி அம்சா என்பவள், தன் சகோதரன் பரந்தாமனுடன் சேர்ந்து, எனக்குத் தெரியாமல் துர்உபயோகம் செய்து, என் பெயரில் விசைத்தறி பெர்மிட் பெற்றிருக்கிறாள், இதில் எனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை, அவர்கள்மேல் எந்த நடவடிக்கை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. கடைசி வரியைத் துளசிங்கம் இரண்டு தடவை படித்தான். மகளின் முகம் வந்தது. பட்டியலில் மூன்றாவது பெயரும் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பரந்தாமன் மாட்டினால் வரலட்சுமியின் கதி என்ன என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தான். அவளையும் பிள்ளைகளையும் தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். அந்த வீட்டில் அம்சா இருக்க மாட்டாள் என்பதை அவன் மனசு அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் முதல் பஸ். அம்சா சட்டையை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள். இட்லி வைத்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காததையும் அவன் ஒரு குற்றமாகக் குறித்துக்கொண்டான்.

காஞ்சிபுரம் ஆபீஸில் வாசலில் இருந்த நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பட்டாளத்தில் பழகிய இங்கிலீஷ் கையெழுத்தைப் போட்டான். அதிகாரி நடுவயசுக்காரர், தலை பாதி நரைத்தவர். உட்காரச் சொன்னார். பட்டாளத்துக்காரருக்கு வரி உண்டா இல்லையா என்று துளசிங்கம் முதலில் அதைத்தான் கேட்டான். அதிகாரி கோபப்படாமல் சொன்னார். வரி வருமானத்துக்கு, போட்டிருக்கிற உடுப்புக்கு இல்லை. உங்கள் சம்பளம் வரம்புக்குக் கீழே இருந்ததால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பட்டாளத்தில் சில படிகளுக்கு விலக்கு உண்டு, ஆளுக்கு விலக்கு கிடையாது. இதை முடிவெட்டுகிற கடையில் யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் அதிகாரி ஃபைலைத் திறந்து பெர்மிட் விண்ணப்பத்தை அவன் பக்கம் திருப்பினார். விரலால் அடியைக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

துளசிங்கத்தின் கை பையிலிருந்த மனுவைத் தொட்டுக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தான். கையெழுத்து தமிழில் இருந்தது. அவன் பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து தமிழில் கையெழுத்துப் போட்டதே இல்லை. அம்சாவிடம் கொடுத்த பத்துத் தாளிலும் இங்கிலீஷில்தான் போட்டிருந்தான். ஆகவே இது அந்தத் தாள் இல்லை. அந்தப் பத்துத் தாளும் அவள் சொன்னபடி அடுப்பில்தான் போயிருக்கிறது.

இது அவனுடைய பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. கடைசி எழுத்தை ஒரு சுழி சுழித்து, அடியில் கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்தக் காலத்தில் அவன் நந்தியாற்றில் குளிக்க ஓடிவிடுவான். அவனுடைய காப்பி நோட்டை எழுதி, வாத்தியார் கேட்ட இடத்தில் அவன் கையெழுத்தையும் போட்டு வைப்பவள் வரலட்சுமி. அவனே ஏமாந்துபோகிற மாதிரிப் போடுவாள். இரண்டாவது புள்ளியை மட்டும் அழுத்திக் குத்திவிடுவாள். இங்கேயும் தாள் கிழிகிற அளவுக்குக் குத்தியிருந்தாள்.

அண்ணன் கையெழுத்துதானே, நான் போட்டால் என்ன என்று நினைத்திருப்பாள். ஜன்னல் வழியாகப் பார்த்த அழுகை இப்போது வேறு மாதிரியாகத் தெரிந்தது.

உங்களுடையது இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார் அதிகாரி. அப்புறம் யார் போட்டது என்று போலீஸ் பார்த்துக்கொள்ளும், உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது என்றார். பட்டியல், மூன்றாவது பெயர், சல்யூட், ‘சாப்’ எல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றன. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

துளசிங்கம் பையிலிருந்து கையை எடுத்தான்.

"என் கையெழுத்துதான் சார்."

அதிகாரி வாசல் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். ஆங் சார் என்றான். மூன்று வருஷத்துக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும், வரியைத் தவணையில் கட்டலாம் என்று எழுதிக்கொண்டார். யூனிட்டுக்குத் தெரியாமல் முடிக்க முடியுமா என்று துளசிங்கம் கேட்டுப் பார்த்தான். அவர்கள் மூலமாகத்தானே கேட்டோம், பதில் போய்த்தான் ஆகும் என்றார். அவருக்கு வருத்தமாக இருந்தது முகத்தில் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவனுக்கு அழுகை வந்தது. பதவி போய்விட்டது. டிசம்பரில் ஹவில்தாராக மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆனால் அரக்கோணம் தாண்டியதும் அழுகையோடு சேர்ந்து ஒரு பெருமையும் வந்து உட்கார்ந்துகொண்டது. தங்கைக்காகப் பதினெட்டு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். எத்தனை பேர் செய்வார்கள்? அம்சாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று நாலு வார்த்தை நன்றாகச் சொன்னால் அவள் அழுவாள், அவனும் அழுவான், அதோடு தீர்ந்துவிடும். என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்திருந்தது. அம்சா தட்டு வைத்தாள். அவன் சாப்பிடாமல் சொல்ல ஆரம்பித்தான். கையெழுத்து யாருடையது என்று சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. உனக்கு முன்பே தெரியுமா என்றான். தெரியும் என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? அவள் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்தாள்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? அண்ணனைக் காப்பாத்தறதுக்கு நாத்தனார் மேல பழி போடுறான்னு சொல்லியிருப்பீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அது சரிதான், தான் அப்படிப்பட்ட ஆள்தான், மன்னித்துக்கொள் என்று வழியில் சேர்த்து வைத்த வார்த்தைகளில் பாதியைச் சொன்னான். தங்கை என்று தெரிந்த பிறகு அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்றான், பதவி போனாலும் பரவாயில்லை என்று என் கையெழுத்து என்றே சொல்லிவிட்டேன் என்றான். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அம்சா முழுவதையும் கேட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நல்லது செஞ்சீங்க. அவ பாவம், தெரியாமப் போட்டுட்டா" என்றாள். "காலையில சொக்கா மடிக்கறப்போ பையில இருந்த தாளைப் படிச்சேன். எம் பேரு போட்டிருந்துச்சு. எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஆட்சேபனை இல்லேன்னு போட்டிருந்துச்சு. படிச்சிட்டு இருந்த மாதிரியே மடிச்சி வெச்சேன்."

துளசிங்கத்தின் கை தன்னையறியாமல் சட்டைப் பைமேல் போனது. அதைக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்றான், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"கிழிச்சா இன்னொண்ணு எழுதியிருப்பீங்க" என்றாள் அம்சா. அவள் குரல் உயரவே இல்லை. "ஒண்ணு கேக்கறேன். அவ போட்டதுன்னதும் உங்க கையெழுத்துன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. அதையே நான் போட்டிருந்தா, இன்னா சொல்லிட்டு வந்திருப்பீங்க?"

"அம்சா" என்றான் அவன். பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தான். வேதாசலம் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்த பதிலை அவள் படித்துவிட்டாள், பொய்க்கு இடமில்லை.

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு அவன் தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"உங்க தங்கச்சி காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடாம பயந்துகினு கெடக்குறா. ஒண்ணும் ஆவலைன்னு சொல்லிட்டு வரேன். நீங்க சாப்புடுங்க" என்றாள்.